கோட்டு தைக்கிறவர் கடலில் இறங்கிய நாள்

‘கல்லு’ என்ற பெயரை எங்கள் சித்தி மகள் வாயில்தான் முதலில் கேட்டோம். அவளுடைய அண்ணிக்குப் படிக்கிற வயதில் பள்ளிக்கூடத்துக் குளத்தில் கல் மாதிரி மூழ்கியதால் வந்த பட்டப்பெயர் அது. அண்ணி கோட்டு தைக்கிறவர்.

ஐம்பது வயதில் அந்த அண்ணி நீச்சல் கற்றுக்கொண்டார். தீவு தீவாகச் சுற்றும் விசைப்படகில் நாத்தனாரோடு, அதாவது எங்கள் சித்தி மகளோடு, ஒருநாள் கிளம்பினார். கடலில் நீந்தாமல் வீடு திரும்புவதில்லை என்று வைராக்கியம்.

முதல் தீவில், மிதவைச் சட்டையை ஒதுக்கிவிட்டு இறங்கியவர் நேரே கீழே போனார். படகோட்டி தூக்கிவிட்டார்.

“பேரைக் காப்பாத்திட்டீங்க அண்ணி! பேசாம உக்காருங்க,” என்று நாத்தனார் சிரித்தாள்.

அண்ணி உடையின் தோள்பக்கத்தைப் பிழிந்தார். தண்ணீர் கொட்டியது. அப்போதுதான் உறைத்தது. இந்தப் பயணத்துக்கென்று தானே தைத்த நீச்சல் உடைக்கு, கைப்பழக்கத்தில் கோட்டுக்கு வைப்பதுபோல் தோளிலும் இடுப்பிலும் பஞ்சு வைத்திருந்தார்!

கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

“சுத்திப் பாக்க வந்த எடத்துக்குக் கத்தரிக்கோலா?” என்றார் படகோட்டி.

“நீங்க படகுச் சாவியை விட்டுட்டா வருவீங்க?” என்று கேட்டுவிட்டு, படகின் குளியலறைக்குள் போய்ப் பஞ்சையெல்லாம் பிரித்தெடுத்தார்.

“மறுபடி இறங்க வேணாம் அண்ணி, அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?”

“நான் நீந்துறேன்னு சொல்லு.”

அடுத்த தீவில் படகிலிருந்து மணல்வரை தானே நீந்திப் போனார்.

இப்போது துறைமுகத்துக்குப் பின்தெருவில் நீச்சல் உடை தைத்து விற்கும் கடை வைத்திருக்கிறார்.