அக்கா காதுபட நான் சொன்ன வண்டிச் செலவு

கொரோனாவுக்காக நிறுத்தி வைத்த பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கி, இரண்டு பேர் சீட்டில் ஒருவர்தான் உட்கார வேண்டும் என்று கண்டக்டர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்களே, அந்த மாதத்தில்தான் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். வருஷம் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை. நான் பேசப் பேச, அக்கா மகனான என் மருமகனின் மனைவி போனில் பிடித்து, அச்சுக்கு ஏற்ற தமிழில் எழுதித் தருகிறாள். முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு, "மாமா, அம்மாவைப் பத்தி நீங்கதான் சொல்லணும்" என்று அக்காவின் மகன் கேட்டான். நல்லதை மட்டும் சொல்வேன் என்று நினைத்திருப்பான். நல்லது நிறைய இருக்கிறது. மற்றதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அக்கா பிறந்தது திருமங்கலத்துக்கு மேற்கே, மழை பெய்தால் செருப்போடு நடக்க முடியாத கரிசல் பூமியில். பிறந்தது ஐந்து பிள்ளைகள், தங்கியது நாங்கள் இரண்டு பேர். அக்கா ஐந்தாவது வரை படித்தார். என்னை மாட்டோடு அனுப்பிவிட்டார்கள். அந்த மாடுகளில் ஒன்று கிணற்றில் விழுந்து, ஊரே கயிறு கட்டித் தூக்கியது. அது வேறு கதை, இருக்கட்டும்.

திருமங்கலத்தில் டீக்கடை வைத்திருந்த மச்சானுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தோம். பையனுக்கு நான்கு வயது ஆகும்போது மச்சான் போய்விட்டார். அதன் பிறகு அக்கா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்தார். இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்து, சட்டியில் ஒரு பருக்கை மிஞ்சாமல் அளந்து போடுவார். பிள்ளை யாரும் பசியோடு எழுந்ததும் இல்லை. அந்தச் சம்பளத்தில் மகனைப் படிக்க வைத்து, கோயம்புத்தூரில் வேலைக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் அக்காவின் சிக்கனத்தை எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். இப்போது அதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

வாரத்துக்கு மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, மதுரைக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். ஆஸ்பத்திரி ஆரப்பாளையம் பக்கம். முதலில் பஸ்ஸில்தான் போனோம். ஒருநாள் திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டிலேயே அக்கா மயங்கி விழுந்தார். அப்புறம் ஆட்டோ. போக வர எண்ணூறு ரூபாய். மருமகன் போன் பண்ணினான்.

"மாமா, சின்னதா ஒரு கார் பாருங்க. பழசு போதும். மைலேஜ் நல்லா தரணும். நீங்கதான் ஓட்டணும்."

நான் முப்பது வருஷம் காய்கறி லோடு ஆட்டோ ஓட்டியவன். எழுத்துத் தெரியாது, ஆனால் எண் தெரியும், வண்டி தெரியும். கார் எடுக்கப் போகிறோம் என்றதும் வீட்டில் ஆள் கூடிவிட்டது. எங்கள் சித்தப்பா மகன், எனக்கு இளையவன், நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

"அண்ணே, டீசல் எடுங்க. ஒரு லிட்டர் ஊத்துனா அம்புட்டுத் தூரம் போகும்."

"வாரத்துக்கு நூத்தம்பது கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கு டீசல் எதுக்குடா? வாங்குறப்பவே விலை கூட. ஒருவாட்டி இன்ஜெக்டர் போச்சுன்னா, மிச்சம் புடிச்சதெல்லாம் ஒரே நாள்ல போயிரும்."

"அப்ப கேஸ் வண்டி எடுங்கண்ணே. அதுதான் செலவு கம்மி."

"டிக்கில சிலிண்டர் உக்காந்துக்கிட்டா அக்காவோட வீல்சேரை எங்க வைக்கிறது? நீ தலையில வச்சுத் தூக்கிட்டு வருவியா?"

"தூக்குவான்டா," என்றார் அக்கா. "போற எடம் கல்யாண வீடா இருந்தா கண்டிப்பாத் தூக்குவான்."

எல்லாரும் சிரித்தார்கள், சித்தப்பா மகனைத் தவிர.

ஆறு வருஷம் ஓடிய வெள்ளை பெட்ரோல் வண்டி ஒன்றை எடுத்தோம். சின்ன இன்ஜின், நாலு பேர் உட்காரலாம். "லிட்டருக்கு இருபத்திரெண்டு கண்ணை மூடிக்கிட்டுத் தரும்ணே" என்றான் புரோக்கர். நான் டேங்க்கை வாய் வரை நிரப்பி, மீட்டரைச் சைபரில் வைத்து ஓட்டி, மறுபடி வாய் வரை நிரப்பிப் பார்த்தேன். ஏசி போட்டால் பதினாறு. போடாவிட்டால் பதினெட்டு. மதுரைக்குள் சிக்னலில் நின்று நின்று போகிற வண்டி அதற்கு மேல் தராது. ஒரு தடவை போய் வர மூன்று லிட்டர். அதோடு டோல்கேட்டில் உள்ளூர் வண்டி என்று ஆதார் அட்டையைக் காட்டி நிற்க வேண்டும், ஒருநாள் விடுவார்கள், ஒருநாள் விடமாட்டார்கள். ஆஸ்பத்திரி பார்க்கிங். வருஷம் பிறந்தால் இன்சூரன்ஸ். எடுத்த இரண்டாம் மாதமே பேட்டரி, நான்காம் மாதம் முன்பக்க டயர் இரண்டும். வாங்கும்போது எல்லாரும் மைலேஜைத்தான் கேட்கிறோம். இதெல்லாம் பின்னால் வருகிறது.

இங்கேதான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். லோடு ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மண்டியில் போய் வண்டியை நிறுத்தியதும், முதலாளி கேட்பதற்கு முன்னால், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு டீசல், எங்கே என்ன கொடுத்தோம் என்று ஒப்பித்துவிட வேண்டும். ஒப்பிக்காதவன் திருடன். முப்பது வருஷம் ஒப்பித்த வாய் எனக்கு. அக்காவைக் கூட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்தியதும், என்னை அறியாமலே ஆரம்பித்துவிடுவேன். "அம்பது கிலோமீட்டர்க்கா. பெட்ரோல் முன்னூத்திச் சொச்சம். பார்க்கிங் முப்பது. இன்னிக்கு டோல்ல விடல." நான் யோக்கியன் என்று காட்டிக்கொள்கிற நினைப்பு. அக்கா சீட்டில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தச் சித்திரையில் அக்கா ஏசியை அணைக்க ஆரம்பித்தார்.

"யக்கா, வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது. இருக்கட்டும்."

"ஏசி போட்டா ரெண்டு கிலோமீட்டர் குறையும்னு நீதானடா சொன்ன."

"சொன்னேன். அதுக்காக?"

"எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிதான்னு டாக்டர் அளந்து குடுக்குறாரு. ஒன் வண்டி ஒரு நடைக்கு மூணு லிட்டர் குடிக்குது. இதுல யாருடா சீக்காளி?"

நான் சிரித்தேன். ஏசியைப் போடாமலே ஓட்டினேன். தண்ணீர் அளந்து குடிக்கிற மனுஷியை அந்த வெயிலில் வேர்க்க வேர்க்கக் கூட்டிப்போனேன்.

வண்டி வீட்டில் நின்றால் சொந்தக்காரர்களுக்குப் பொறுக்காது. நிச்சயதார்த்தம், வளைகாப்பு, எல்லாவற்றுக்கும் சாவி கேட்டு வந்தார்கள். அக்கா இல்லை என்று சொன்னதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகன், தன் பேரனுக்கு மொட்டையெடுக்க அழகர்கோவிலுக்கு எடுத்துப்போனான். நாலு பேர் போகிற வண்டியில் எட்டு பேர். திரும்ப வந்து நிறுத்தியபோது கிளட்ச் கருகிய வாடை, பெட்ரோல் முள் சிவப்பில்.

"ஏன்டா, நாளைக்குத் திங்கக்கெழமை. அக்காவக் கூட்டிட்டுப் போகணும்னு தெரியாதா? ஒரு நூறு ரூவாய்க்காவது ஊத்தக்கூடாதா?"

"பெட்ரோல் பங்குல கூட்டம்ணே. என்ன, ஊரான் வண்டியா எடுத்துட்டுப் போனோம்? நம்ம அக்கா வண்டிதானே!" என்று கோவில் தோசைப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனான்.

கிளட்ச் சாமானுக்கு மட்டும் ஏழாயிரம் ஆனது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களுக்கு மறுபடி ஆட்டோ. இதையும் நான் அக்காவின் கட்டில் பக்கத்தில் நின்றுதான் ஒப்பித்தேன். கோபத்தில் சத்தமாகவே சொன்னேன்.

அடுத்த வாரம் அக்கா ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். "தம்பி, இனிமே ரெண்டு நாள் போதும்னு டாக்டர் சொல்லிட்டாரு. திங்க, வெள்ளி. புதன்கெழமை வேணாம். இந்தா பாரு, ரெண்டுன்னு போட்டிருக்கா?"

பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து நடுவில் இரண்டு என்ற எண் இருந்தது. "ஆமாக்கா" என்றேன். சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு தேறுகிறது என்று ஒரு சந்தோஷம். வாரத்துக்கு மூன்று லிட்டர் மிச்சம் என்று இன்னொன்று.

ஐந்து புதன்கிழமை போனது. கால் வீங்கியது. "வெயிலுக்குடா" என்றார். படுத்தால் மூச்சு முட்டியது. "தலகாணி சரியில்லடா" என்றார். ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சே வரவில்லை. தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அவசரப் பிரிவு வாசலில், வழக்கமாக ஊசி போடுகிற சிஸ்டர், எப்போதும் அக்காவை உள்ளே விட்டுவிட்டுப் பார்க்கிங்குக்குப் போய்விடுகிற என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏன் தாத்தா, புதன்கிழமை கூட்டிட்டே வர மாட்றீங்க? போன் பண்ணுனா பாட்டியே எடுத்து, ஊர்ல இல்லங்கிறாங்க. நுரையீரல் பூரா தண்ணி. இப்படியா விடுவாங்க?"

"டாக்டர் ரெண்டு நாள் போதும்னாருன்னு சீட்டு இருக்கேம்மா."

"எந்த டாக்டர்? என்ன சீட்டு?"

பிற்பாடு மருமகனின் மனைவி அந்தச் சீட்டைப் படித்துச் சொன்னாள். அந்த இரண்டு, மாத்திரை எத்தனை என்பது.

அன்று மதியம் கொஞ்சம் நினைவு வந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கை நகர்த்தச் சொன்னார்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுன?"

"நான் உக்காந்து போயிட்டு வாரதுக்கு இம்புட்டாடா?" என்றார். "எம் மகன் அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பீஸ் கட்டணும். நீ சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே எப்படிடா ஏறி உக்காருவேன்?"

மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டேன். மறுநாள் விடிந்ததும் போய்விட்டார். அன்று புதன்கிழமை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். எங்களைத் திட்டினாலும் கடைசி வரை அக்கா கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த சிஸ்டருக்கு நன்றி. கூலி வாங்காமல் கிளட்ச் மாட்டிக் கொடுத்த மெக்கானிக் பாய்க்கு நன்றி. அந்தச் செவ்வாய்க்கிழமை வண்டியில் தூக்கி ஏற்ற வந்த எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கும் அவர் கணவருக்கும் நன்றி. வண்டியை இரவல் வாங்கிப் போனவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், திருப்பியாவது கொடுத்தீர்களே. துக்கத்துக்கு எல்லாரும் சொந்தச் செலவில் வந்தீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். மருமகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் மாதாமாதம் பணம் அனுப்பினான், ஒருமுறைகூடச் செலவு கேட்டதில்லை. கேட்காதவனுக்குச் சொல்ல வேண்டியதை, கேட்டுக்கொண்டு படுத்திருந்தவரிடம் சொன்னது நான்.

இந்த மலரை வாங்கிப்போய்ப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். உங்கள் தெருவில் யாரோ ஒருவர் தாயையோ தகப்பனையோ வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போவார். அவரைத் தேடிப்போய் இதைச் சொல்லுங்கள். செலவு எவ்வளவு ஆனாலும் பெட்ரோல் பங்க்கிலேயே பேசி முடித்துவிட்டு வந்து ஏறட்டும். பின்சீட்டில் இருக்கிறவர் எவ்வளவு ஆச்சு என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லட்டும்.