எப்போ ஊட்டுக்கு உடுவீங்க?

ஆபரேஷன் முடிந்தவர் என்றைக்கு வீட்டுக்குப் போவார் என்று முன்கூட்டியே சொல்கிற தொழில், கிளி இல்லாமல் பார்க்கிற கிளி ஜோசியம். திருவள்ளூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில், ரோபோ வைத்துச் சிறுநீரகம், புராஸ்டேட் ஆபரேஷன் செய்யும் பிரிவில் எனக்கு அந்த வேலை. வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் தட்டினால் கம்ப்யூட்டர் ஒரு நாளைச் சொல்லும். அதை நோயாளியிடம் சொல்லித் திட்டு வாங்குவது நான். பிளவுஸ் என்றைக்குக் கிடைக்கும், வண்டி என்றைக்கு ரெடியாகும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு முழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

மக்கர்

ஏழுமலை, கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் வெல்டிங் ரோபோவோடு மல்லுக்கட்டுகிறவர். புராஸ்டேட்டில் புற்றுநோய். "சீக்கிரமே வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். காதிலேயே வாங்கவில்லை. ரோபோவைக் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்து என்றார். டாக்டரே கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டி, "அது தானா எதுவும் செய்யாது, நான் உக்காந்து ஓட்டினாத்தான் அசையும்" என்றார்.

ஏழுமலை கண்ணாடியில் மூக்கு அழுந்த வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்: "மிஷின் நல்லாத்தான் கீது. டாக்டரு நேத்து நைட் ஷிப்ட் பாக்கலியே?"

காத்து

ஆபரேஷனுக்குப் பிறகு குடல் பழையபடி வேலை செய்கிறதென்று தெரிய, காற்று பிரிய வேண்டும். சிறுநீரகக் கட்டி எடுக்கப்பட்ட கோதண்டம் ஐயா, பொன்னேரிப் பக்கம் வயல் வைத்திருப்பவர். "காத்து பிரிஞ்சுதாங்கய்யா?" என்று நான் போய்ப் போய்க் கேட்பேன். கட்டிலைச் சுற்றி மகன், மருமகள்கள், சம்பந்தி. ஐயா ஜன்னலைப் பார்த்தபடி "இன்னும் இல்ல" என்பார்.

கம்ப்யூட்டர் சொன்ன நாள் தாண்டிவிட்டது. டாக்டர் ஸ்கேன் எடுக்கலாமா என்று யோசித்தார். சம்பந்தி மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். அப்போதுதான் ஐயாவின் மனைவி என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார்: "நேத்தே போச்சும்மா. மருமவளுங்க எதிர்ல எப்பிடிச் சொல்றதுன்னு மனுசன் வாயத் தொறக்காம படுத்துக்கினு கீறாரு."

பை

திருநின்றவூர் பாஸ்கருக்கு உடம்பு தயார், ஆள்தான் தயாரில்லை. சிறுநீர் டியூபும் பையும் சில நாள் வீட்டிலும் இருக்கும் என்றதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஃபிளாட்ல எல்லாரும் பாப்பாங்க மேடம். பேஜாராப் பூடும்." கடைசியில் அவர் மனைவி ஒரு தாம்பூலப் பையைக் கொண்டுவந்து, அதற்குள் அந்தப் பையை வைத்துக் கூட்டிப் போனார்.

மறுநாள் பாஸ்கர் போன் செய்தார். குரலில் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. படியேறும்போதே கீழ்வீட்டு அம்மா கேட்டாராம்: "யாரு ஊட்டுக் கல்யாணம்? எங்களுக்கு மட்டும் பத்திரிகை வெக்கலியே!"

சட்டை

மணவாள நகர் தேவசகாயம் எல்லாரையும்விடச் சீக்கிரம் போவார் என்றது கம்ப்யூட்டர். சொன்ன நாளில் அவர் மனைவி ரீட்டா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல், சிறுநீரில் கிருமி. கம்ப்யூட்டர் தேதியைத் தள்ளிக்கொண்டே போனது. ரீட்டா தினமும் சட்டையோடு வந்து, தினமும் திரும்ப எடுத்துப் போனார். ஒரு கட்டத்தில் என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

ஒருவழியாகக் காய்ச்சல் விட்டது. கம்ப்யூட்டர் இன்னும் சில நாள் என்று காட்டிக்கொண்டிருந்த காலையில், டாக்டர் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார். நான் போவதற்குள் தேவசகாயம் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ரீட்டா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "கம்ப்யூட்டருகிட்ட நாங்க போயிட்டு வர்றோம்னு சொல்லிடும்மா."

இப்போதெல்லாம் ஒருவர் என்றைக்கு வீட்டுக்குப் போவார் என்பதை நான் பிசகாமல் சொல்லிவிடுகிறேன், அவர் ஆட்டோ ஏறிய பிறகு.