சீதன வீட்டுக்குப் பின்னால் துருவ நட்சத்திரம்

வெள்ளவத்தையில் துருவ நட்சத்திரத்தை மறைத்தது யாரென்று கேட்டால், தில்லைநாதன் கட்டடக்காரரைத் திட்டுவார், அனுமதி கொடுத்தவரைத் திட்டுவார். தன் பெயரை மட்டும் சொல்லமாட்டார்.

மூத்த மகள் யதுஷாவின் சீதனத்துக்கென்று அவர் தேடித் தேடி வாங்கிய வீடு, அவருடைய மொட்டைமாடிக்கு நேர் வடக்கே எழும்பிய கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறது. வாங்கும்போது மனிதர் கடற்காற்றைப் பார்த்தார், தண்ணீர் வசதியைப் பார்த்தார், கோயில் எவ்வளவு தூரம் என்றும் பார்த்தார். வானத்தைப் பார்க்க அப்போது யாருக்குத் தோன்றும்?

காப்புறுதிக் கம்பனி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் அந்தப் பைத்தியம் பிடித்தது. கனடாத் தம்பியைக் கொண்டு தொலைநோக்கி ஒன்றையும், வானம் சுழலும் வேகத்துக்கு அதைத் திருப்பிக்கொண்டே போகும் மோட்டார்த் தாங்கியையும் எடுப்பித்தார். அன்ட்ரொமீடா என்ற தூரத்து நட்சத்திரக் கூட்டத்தை ஒரேயொரு தடவை ஒழுங்காகப் படம் பிடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. படத்தில் வந்ததோ எல்லாம் கோடு கோடாக.

"என்னப்பா இது, பயத்தங்காய் மாதிரிக் கிடக்கு?" என்றாள் மனைவி பாலேஸ்வரி.

சமநிலைதான் பிழை என்று நினைத்தார். ஒரு பக்கம் தொலைநோக்கி, மறுபக்கம் எடைக்கட்டி. இரண்டும் தராசுத்தட்டுப் போல நிற்கும்வரை நகர்த்திப் பார்த்தார். அப்படிச் சரிசமமாக நின்றாலும் பற்சக்கரம் முன்னும் பின்னும் ஆடும், கிழக்குப் பக்கம் ஒரு துளி பாரம் கூட வேண்டும் என்று யூடியூபில் ஒருவன் சொன்னான். அதையும் செய்தார். நீளப் பயத்தங்காய் குட்டைப் போஞ்சிக்காயானது, வேறொன்றும் நடக்கவில்லை.

உண்மையான கோளாறு வேறு. தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தை நேராகப் பார்த்து நிற்க வேண்டும். கொழும்பில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்குச் சற்று மேலேதான் தெரியும். அந்த இடத்தில்தான் சீதனம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறதே! கைத்தொலைபேசித் திசைகாட்டியை நம்பினால், கொங்கிறீற் கம்பிகளுக்கு நடுவே அது தடவைக்கு ஒரு வடக்கைக் காட்டியது.

யதுஷாவின் பல்கனி வடக்குப் பார்த்தது. "மகளின்ர வீடுதானே, கொண்டுபோய் வையுங்கோவன்" என்றாள் பாலேஸ்வரி. சொல்வது லேசு! எழுதியது மகளின் பெயரில் என்றாலும் மருமகன் வீடு மருமகன் வீடுதான். சீதனம் கொடுத்த மாமன் அங்கே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு மரியாதையாக எழும்ப வேண்டியவர். முக்காலி, பற்றரி, வயர் என்று மூட்டை முடிச்சோடு போய் நின்றால் மானம் என்னாவது?

ஆனால் இந்தத் தை மாதம் மனிதருக்குத் திடீரென்று அவசரம் வந்துவிட்டது. ஏனென்று கேட்டவர்களுக்கு, வயது போகிறது என்றார். மானத்தை விழுங்கிக்கொண்டு மருமகன் கிஷாந்துக்கு அழைப்பெடுத்தார்.

"தம்பி, உங்கட பல்கனி எனக்கு ஒரு பின்னேரத்துக்கு வேணும்..."

"ஐயோ மாமா, இதெல்லாம் கேக்கோணுமே? இண்டைக்கே வாங்கோ."

இவ்வளவு நாளும் காத்த மானத்துக்கு ஒரு நிமிடத்தில் வேலையில்லாமல் போய்விட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

பொழுதுபட்டதும் பல்கனியில் வேலை தொடங்கியது. தாழ நின்ற நட்சத்திரத்துக்காக அச்சைச் சரித்ததில் எடைக்கட்டி முக்காலியின் காலில் இடித்தது. முக்காலியைத் திருப்பி வைத்தார். கிழக்கைக் கொஞ்சம் பாரமாக்கினார். அச்சுக்குள் இருந்த சின்னக் குழலில் கண்ணை வைத்தால், அந்தா, மங்கலாகத் துருவ நட்சத்திரம்! தொலைநோக்கியை அன்ட்ரொமீடா பக்கம் திருப்பினார், படம் பதிந்தது. நட்சத்திரமெல்லாம் கடுகு போல உருண்டை உருண்டையாக இருந்தது. நடுவில் பஞ்சுத் துண்டாக அன்ட்ரொமீடா. தில்லைநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டு மருமகனைக் கட்டிப்பிடித்தார்.

"இனி இதை இஞ்சயே வையுங்கோ மாமா" என்ற கிஷாந்த், வடக்கே நின்ற பாரந்தூக்கியைக் கண்டதும் முகம் வாடினான். "ஆனா உதைப் பாத்தனீங்களே? புதுசா இருபது மாடி எழும்புதாம். வாற வருசம் உங்கட நட்சத்திரம் போச்சு. எந்த விசரன் உதுக்குள்ள வீடு வாங்கப்போறானோ!"

தில்லைநாதன் மறுபடி கமராவில் கண்ணை வைத்தார்.

"எங்கட சின்னவள் மிதுனாவின்ர சீதனத்துக்கு உதில பதினாறாம் மாடியில வீடு சொல்லி வைச்சாச்சு தம்பி" என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, இன்னும் ரெண்டு படம் எடுப்பம்."