கூப்பிடாமல் தொட்டது

என் மகள் நவி மும்பை வாஷியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சம்பளமில்லாமல் இன்னொரு வேலையும் பார்க்கிறாள். கம்ப்யூட்டருக்கு எழுதுகிற மொழிகளில் ஸ்கீம் என்று ஒன்று உண்டாம். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒரு சின்ன மொழியைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து பேணுகிறார்கள். இவளும் அதில் ஒருத்தி. திரையைப் பார்த்தால் எழுத்தைவிட அடைப்புக்குறிதான் அதிகம். நான் முனிசிபல் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். திறந்ததை மூட வேண்டும் என்பது வரை எனக்குப் புரியும்.

அந்த மொழியில் ஆளாளுக்கு எழுதி வெளியிடுவதைப் பேக்கேஜ் என்கிறார்கள். மற்றவர்கள் அதை இறக்கித் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வார்கள். 'இது நான் அனுப்பியதுதான்' என்று அனுப்புகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். மகளின் கையெழுத்து ஒரு குட்டிச் சாவிக்குள் இருந்தது. அது கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் செருகியிருக்கும். கையெழுத்துத் தேவைப்பட்டால் பச்சையாக மினுக்கும். விரலால் தொட்டால்தான் கையெழுத்து விழும். ஆள் கை படாமல் எந்தத் திருடனாலும் போட முடியாது.

அவள் ஆபீஸில் இந்த மாதிரிச் சாமானை உள்ளே விடமாட்டார்கள். அதனால் சாவி தாராவியில், என்னோடு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அங்கிருந்தபடியே வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்து வேலையை முடித்துவிட்டு எனக்குப் போன் அடிப்பாள்.

"யம்மா, மினுக்குதா?"

"மினுக்குது."

"தொடு."

தொடுவேன். பதினைந்து விநாடிக்குள் தொடாவிட்டால் அணைந்துவிடும். அதனால் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை அறையை விட்டு அசையமாட்டேன். எங்கள் அறை மாடியில், இரும்பு ஏணி ஏற வேண்டும். பொதுக் கழிப்பறையிலோ எப்போதும் வரிசை. பன்னிரண்டுக்கே போய்விட்டு வந்து, அப்புறம் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

"என்னக்கா, ஒரு மணியானா ஆளையே காணும். டூட்டியா?" என்பாள் கீழ்வீட்டுக்காரி.

"ஆமா, டூட்டி."

ஒரு நாள் அவளோடு பேசி நின்றதில் தாமதமாகிவிட்டது. சாயங்காலம் மகள், "ஒரு விரலக் கொண்டு வைக்கதுக்கு ஒனக்கு என்ன நோவு?" என்று கேட்டாள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை சாவி மினுக்கியது. போன் அடிக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு நெட் வயரில் வருகிறது; என் போனுக்கு டவர் கிடைத்தால்தான் பேச்சு. கூப்பிட்டுக் கிடைக்காமல் தவிக்கிறாள் என்று நினைத்துத் தொட்டேன். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. மறுபடி மினுக்கியது. மறுபடி தொட்டேன். சாயங்காலம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்து அவள் போன் ஓயவில்லை. அவளுடைய புதுப் பேக்கேஜை இறக்கியவர்களுக்கெல்லாம் வேலை பாதியில் நின்றுபோனது. முதலில் ஒவ்வொருவரும் தன் கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று அழித்து அழித்து ஏற்றியிருக்கிறார்கள். பிறகு ஒருவர் வரிவரியாகப் பிரித்துப் பார்த்ததில், மகள் எழுதாத நாலு வரி அகப்பட்டது. பாஸ்வேர்டுகளை எடுத்து எங்கோ அனுப்புகிற வரிகள். கீழே அவள் கையெழுத்து.

"யாரோ நம்ம மெஷினுக்குள்ள பூந்திருக்கான்," என்றாள். "ஆனா தொடாம நடக்காதே."

"அது எப்படி?" என்று தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

"அதத்தான் எல்லாரும் கேக்காங்க. நான் கூப்பிடாம எங்கம்மா தொடவே மாட்டாங்கன்னு எங்க பொதுப் பக்கத்துல எழுதிப்போட்டுட்டேன். அப்ப நானே செஞ்சேன்னுதான் ஆவும். கையெழுத்து உரிமைய எடுத்துருவாங்க. பத்து வருஷ உழைப்பும்மா."

எங்களுடையது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அடுப்படிச் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் இருக்க வேண்டும். சனிக்கிழமை முழுக்க அப்படித்தான் இருந்தேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு அந்த மொழியைப் பேணுகிறவர்களின் விசாரணை. திரையில் ஏழெட்டு முகங்கள். கேமரா ஓடும்போது நான் அடுப்போரம் காலை மடக்கி உட்கார வேண்டும். பாத்திரச் சத்தம் கூடாது. அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. மகள் இரண்டு தடவை 'மதர்' என்று சொன்னது மட்டும் கேட்டது.

"ஏட்டி, நான் தொட்டேன்," என்றேன்.

அவள் திரும்பவில்லை. சும்மா இரு என்று கையை மட்டும் பின்னால் அசைத்தாள்.

"வியாழக்கிழம. நீ போன் அடிக்கல. ரெண்டு தடவ தொட்டேன்."

மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள். ஏச்சு வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மூணாவது விசிலுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு."

"நாங்க ஒண்ணுதான் கண்டுபிடிச்சிருக்கோம். அப்ப கெட்ட பேக்கேஜ் இன்னொண்ணு வெளிய கெடக்கு."

அவள் மைக்கைத் திறந்து சொன்னதும் எல்லா முகங்களும் தேடக் குனிந்தன. அரைமணியில் அது அகப்பட்டது. அது யார் வேலையையும் நிறுத்தவில்லை. அதனால் யாரும் புகார் சொல்லவில்லை, பிரித்தும் பார்க்கவில்லை. அதை நீக்கினார்கள். அவள் உரிமையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்ததோடு விட்டார்கள்.

மூன்றாம் நாள், "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?" என்றாள்.

"தொடமாட்டேன்னு நீதான் எழுதிப்போட்டுட்டியே."

"நான் எழுதுனா நீ தொட்டது இல்லன்னு ஆயிருமா?"

நான் தொட்டதையும் அந்தப் பக்கத்தில் எழுதப்போவதாகச் சொன்னாள். "ஆளச் சொல்லாம எழுதேன்," என்று மட்டும் கேட்டேன். முடியாதாம். முன்பு எழுதியதற்குக் கீழேயே, அம்மா தொட்டுவிட்டார் என்று எழுதினாள். அந்தப் பக்கத்தை அழிக்கவும் முடியாதாம். தண்ணீர் வரிசையில் என் முறை என்று சொல்லக் கூசுகிறவள் நான். எந்தெந்த ஊரிலோ இருக்கிறவர்கள் என்னை வாசிக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றி, பழைய சாவியைச் செல்லாததாக்கினார்கள். உரிமை திரும்பியதும் புதுச் சாவி வந்தது.

"எனக்கு வேண்டாம்ளா," என்றேன்.

"வேற யாரு இருக்கா வீட்ல?"

இனி அவள் போனில் ஒரு நம்பர் சொல்ல வேண்டும். திரையிலும் அதே நம்பர் இருந்தால்தான் நான் தொட வேண்டும். நம்பர் எனக்கு வாசிக்க வரும். மறுபடி பன்னிரண்டுக்குக் கழிப்பறை, ஒரு மணிக்கு நாற்காலி.

போன புதன்கிழமை மினுக்கியது. போன் அடிக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். பதினைந்து வரை எண்ணினேன், அணைந்தது. மறுபடி மினுக்கியது, மறுபடி அணைந்தது. அப்புறம்தான் போன் வந்தது.

"யம்மா, நாந்தான்! டவரே கெடைக்கல. ரெண்டு தடவ வீணாப் போச்சு. தொட்டிருக்கலாம்லா?"

"நம்பரச் சொல்லு," என்றேன்.