இரண்டு டேப்புக்கும் பொட்டு வைத்தேன்

எழுபதுகளின் கடைசியில், ஒரு விஜயதசமி நாளன்று, பாலக்காட்டுக்குக் கிழக்கே வாளையார் போகும் சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பெருமாட்டிப் பக்கம் தென்னையும் நெல்லும் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன் என்ற ஒரே காரணத்துக்காக, எங்கள் ஊரில் யாரும் கண்ணால்கூடப் பார்த்திராத கம்ப்யூட்டர் ஒன்றை இயக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. "உங்க புள்ள என்ன வேலைக்குங்க போகுது?" என்று யாராவது கேட்டால் எங்கள் அப்பா, "பெரிய டைப் மெசினுங்க. நாம ஒண்ணு அடிச்சா அது திருப்பி ஒண்ணு அடிக்குமுங்க" என்பார். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்கு இப்போது போலத் திரை கிடையாது. பீரோ உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி; அதன் முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகளும் விளக்குகளும். பக்கத்தில் தட்டச்சு இயந்திரம் மாதிரி ஒரு டெர்மினல். அதில் நாம் ஒரு கட்டளையை அடித்தால் தடதடவென்று அதே தாளில் பதில் அடித்துத் தரும். "தயார், கட்டளை கொடு" என்பதற்கு அடையாளமாகத் தாளின் இடது ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டு நிற்கும். அந்தப் புள்ளியை வரவழைப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடும்.

ஏனென்றால் மெஷினின் நினைவு அழிந்துவிட்டால் அதற்கு ஒன்றுமே தெரியாது. டெர்மினல் இருப்பதுகூடத் தெரியாது. முதலில் முகப்புச் சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தள்ளி, ஒவ்வொரு வரியாக, இருபது வரிக்கும் மேல் கையால் ஊட்ட வேண்டும். "டேப்பைப் படிப்பது எப்படி" என்பதை அதற்குச் சொல்லிக் கொடுக்கும் வரிகள் அவை. அதன்பிறகு ஓர் அங்குல அகலத்தில், ஓட்டை ஓட்டையாகக் குத்தப்பட்ட காகித டேப் சுருளை டெர்மினலின் ஓரத்தில் இருக்கும் ரீடரில் மாட்ட வேண்டும். சின்னச் சின்ன ஊசிகள் அந்த ஓட்டைகளைத் தடவிப் படிக்கும். சுருள் முழுதும் ஓட கால் மணி நேரம். ஓர் ஓட்டை தப்பாகப் படித்தாலும் மெஷின் அப்படியே நின்றுவிடும்.

நான் சேர்ந்து ஒரு வருடம் முடிகிற சமயம். வேலையை நிரந்தரமாக்குவதற்கு முன்னால் ஒரு பரீட்சை வைத்தார்கள். சென்னையிலிருந்து ஓர் இன்ஜினியர் வருவார். மெஷினின் நினைவை முழுக்க அழித்துவிட்டு, "இப்போது எழுப்பு" என்பார். நான் தனியாக, ஒரு மணி நேரத்துக்குள், அந்தப் புள்ளியை வரவழைத்துக் காட்ட வேண்டும். முடிந்தால் வேலை. முடியாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். ஒரு பெண்ணிடம் மெஷினைக் கொடுத்ததே தப்பு என்று பேசிக்கொண்டிருந்தவர்களும் கம்பெனியில் இருந்தார்கள். எனக்கோ அந்த வேலை போய்விட்டால் வீட்டில் இருந்து மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மாட்டின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்த மெஷின்மேல் ஆசை அதிகம், அவ்வளவுதான்.

பரீட்சைக்கு அவர் குறித்த நாள் விஜயதசமி. நல்ல நாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். முந்தின நாள் சரஸ்வதி பூஜை. கம்பெனியில் லேத்து, தராசு, சைக்கிள் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மெஷின் ரூமுக்குப் பூஜை என் பொறுப்பு. எங்கள் பராமரிப்பு டெக்னீஷியனின் குடும்பம் பாலக்காடு டவுனில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். ஊதுபத்தி, கற்பூரம், சந்தனம் எல்லாம் அவர்கள் கடையில் நன்றாக இருக்கும். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர் அவர். நான் கேட்டபடியே சந்தனம் வாங்கி வந்து கொடுத்து, "ஏம்மா, சுவிட்சுக்குள்ள மட்டும் எறங்காமப் பாத்துக்க" என்று ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்தார்.

பார்த்துக்கொண்டேன். சுவிட்சுப் பக்கமே போகவில்லை. பெட்டியின் மேல் மூன்று பொட்டு, டெர்மினலின் முதுகில் ஒன்று, நாற்காலிக்கு ஒன்று. எல்லாம் ஆன பிறகுதான் அந்த யோசனை வந்தது. இந்த இரும்பில் என்ன இருக்கிறது? வித்தை எல்லாம் டேப்பில் அல்லவா இருக்கிறது! வீட்டில் புத்தகத்துக்குப் பொட்டு வைப்பது போல, டேப் சுருளின் மேல் ஒரு பெரிய பொட்டாக, சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். அதே டேப்புக்கு ஒரு நகல் சுருளும் உண்டு. ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதை விடுவதா? அதற்கும் வைத்தேன். கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மன நிறைவோடு கொழிஞ்சாம்பாறை வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு இன்ஜினியர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசவில்லை. மெஷினின் நினைவை அழித்தார். நான் ஆரம்பித்தேன். இருபது சொச்சம் வரிகளும் எனக்கு மனப்பாடம். மேலே, கீழே, கீழே, மேலே என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி பத்தே நிமிடத்தில் ஊட்டிவிட்டேன். அவர் புருவத்தை உயர்த்தியதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. டேப்பை மாட்டி ஓடவிட்டேன். சில விநாடிகள் ஓடியது. நின்றது.

நான் ஏதோ ஒரு வரியைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து, எல்லா வரிகளையும் மறுபடி சரிபார்த்தேன். மறுபடி ஓட்டினேன். அதே இடத்தில் நின்றது. சுவிட்சு வரிகளை முதலிலிருந்து புதிதாக ஊட்டினேன். மூன்றாவது தடவையும் அதே இடம். அப்போதுதான் குனிந்து ரீடரைப் பார்த்தேன். டேப்பின் மேல் மஞ்சளாக, காய்ந்து கெட்டியாக, என் பக்தி உட்கார்ந்திருந்தது. ஐப்பசி ஈரக் காற்றில் சந்தனம் உடனே உலராமல், சுருளின் மேல்சுற்றிலிருந்து கீழே நாலைந்து சுற்று வரைக்கும் ஊறி, ஓட்டைகளை அடைத்துக் காய்ந்திருந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"வோல்டேஜ் சரியில்லீங்க சார். இந்தப் பக்கம் அடிக்கடி இப்படித்தானுங்க ஆகும்."

நாக்கு எப்படித்தான் புரண்டதோ! அவர் சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்தார். "வோல்டேஜ் நல்லாத்தானே இருக்கு. அப்ப ரீடர்ல கோளாறா இருக்கும். பராமரிப்பு யாரு? வரச் சொல்லுங்க" என்றார்.

டெக்னீஷியன் வந்தார். ரீடரின் மூடியைத் திறந்தார். ஊசிகளின் நுனியில் மஞ்சள் தூள். விரலால் தொட்டு மோந்து பார்த்தார். தன் கடைச் சந்தனம் அவருக்குத் தெரியாதா? தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் டேப்பைக் கையால் மறைத்துக்கொண்டே சொன்னார்.

"நேத்தே நான் ரீடரைத் தொடைச்சிருக்கணும் சார். விட்டுட்டேன். எந் தப்புதான்."

இன்ஜினியர் தன் நோட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார். "உங்க பேரு?" என்றார்.

அந்த ஒரு நொடியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி அவர் தலையில். என் பரீட்சை இன்னொரு நாளில். ஆனால் அவர் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்ததைப் பார்த்தபோது எனக்கு அவமானமாக இருந்தது.

"எழுதாதீங்க சார்! அவரு ஒண்ணும் பண்ணலீங்க. நான்தானுங்க டேப்புக்குப் பொட்டு வெச்சேன். அது ஊறி ஓட்டையெல்லாம் அடைச்சுப் போச்சுங்க. வோல்டேஜ்ன்னு சொன்னதும் பொய்யிங்க."

"டேப்புக்கா?" என்றார் அவர்.

"ஆமாங்க."

"சரி, நகல் டேப் இருக்குமே?"

"அதுக்கும் வெச்சுட்டனுங்க."

பின்னால் டெக்னீஷியன் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். இன்ஜினியர் பேனாவை மூடினார். மணி பத்தேகால். "இன்னும் கால் மணி நேரம் இருக்கு. இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்.

நகலை எடுத்துப் பார்த்தேன். சுருளின் வெளிப்பக்கம் பொட்டு இருந்தது, ஆனால் அங்கே வெளியே இருந்தது டேப்பின் கடைசிப் பகுதி! போன முறை ஓட்டிய பிறகு அதைத் திருப்பிச் சுற்றி வைக்காமல் நான் அப்படியே பெட்டிக்குள் போட்டிருந்தேன். சுத்தச் சோம்பேறித்தனம். ஆக முதல் டேப்பில் கெட்டுப்போனது ஆரம்பம், நகலில் கெட்டுப்போனது முடிவு. நகலின் ஆரம்பம் பளிச்சென்று இருந்தது.

சந்தனம் பூசிய இடத்தில் எது ஓட்டை, எது வெறும் காகிதம் என்று கண்ணால் தெரியவில்லை. இல்லாத இடத்தில் ஊசியால் குத்திவிட்டால் அதுவும் ஒரு தப்பாகிவிடும். ஆனால் இரண்டு டேப்பையும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஓட்டைக்கு ஓட்டை பொருந்தும்படி வைத்து வெளிச்சத்தில் பிடித்தால்? நகலில் ஓட்டை இருந்தும் வெளிச்சம் வராத இடம்தான் சந்தனம் அடைத்த இடம். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். டேப்பை யாராவது பிடிக்க வேண்டும். தனியாகச் செய்ய வேண்டும் என்பதுதானே பரீட்சை? தயங்கி நின்றேன்.

இன்ஜினியர் எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்தார். "டேப்பைப் பிடிக்கிறதெல்லாம் உதவியில சேராது" என்றார். மறுமுனையை டெக்னீஷியன் பிடித்துக்கொண்டார். துவைத்த சேலையை உதறப் போகிறவர்கள் மாதிரி இருவரும் கிழக்கு ஜன்னலோரம் நின்றார்கள். நான் நடுவில் நின்று, வெளிச்சம் வராத ஒவ்வொரு ஓட்டையாக ஊக்கு முனையால் மெல்லத் தள்ளித் திறந்தேன். மஞ்சள் துணுக்குகள் அந்த இன்ஜினியரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தன.

"சந்தனம் எங்க வாங்கினது? நல்ல கெட்டியா இருக்கே" என்றார்.

"நம்ம கடதான் சார். கலப்படம் கெடையாது" என்றார் டெக்னீஷியன், கொஞ்சம் பெருமையாகவே. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரித்ததில் டேப் ஆடியது. "ஆட்டாதீங்க!" என்று நான் இருவரையும் அதட்டினேன். பரீட்சை வைக்க வந்தவரை அதட்டிவிட்டோமே என்று பிறகுதான் உறைத்தது.

எல்லா ஓட்டையும் திறந்து, ரீடரின் ஊசிகளைத் துடைத்து, நான்காவது முறையாக டேப்பை ஓடவிட்டபோது மணி பத்தேமுக்கால். நேரம் தாண்டிவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்; நிறுத்தச் சொல்லவில்லை. முன்பு நின்ற அந்த இடத்தைத் தாண்டியது. ஊறிப்போன காகிதம் எங்கேயும் கிழியவில்லை. டேப் முழுதும் ஓடி முடிந்ததும் தொடக்கச் சுவிட்சைத் தட்டினேன். டெர்மினல் ஒரு குலுங்கு குலுங்கித் தாளை ஒரு வரி மேலே தள்ளி, இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தது. கடவுளே என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்ஜினியர் மெஷினின் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "என்ன நடந்தது, எப்படிச் சரி செஞ்சீங்க, ரெண்டையும் நீங்களே எழுதுங்க" என்றார். எழுதினேன். பொட்டு வைத்ததையும் எழுதினேன். ஒரு தடவை படித்துவிட்டு, கீழே அவர் கையெழுத்துப் போட்டார். "தப்பே செய்யாத ஆளைத் தேடி நான் வரலை. நின்னு போனா மறுபடி எழுப்பத் தெரியுமான்னு பார்க்கத்தான் வந்தேன். எழுப்பிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த சந்தனத்தோடேயே ரயிலுக்குப் புறப்பட்டார். அடுத்த மாதம் வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. நான் அங்கே பல வருடங்கள் நன்றாகவே இருந்தேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது டெக்னீஷியனிடம் கேட்டேன். "ஏனுங்ணா, எதுக்கு உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "எனக்கு வேல ஸ்திரமாச்சு. மிஞ்சிப் போனா ஏசுவாங்க. ஒனக்கு அப்படியா?"

அவ்வளவுதான். அதைப் பெரிய காரியமாக அவர் நினைக்கவே இல்லை. ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டார். நான் அன்று உண்மையைச் சொன்னதற்காகப் பலர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கல்லவா தெரியும், என் வாயில் முதலில் வந்தது பொய் என்று. என்னை அறிந்தவர்கள் இன்றும் நான் மனதில் பட்டதை மறைக்காமல் பேசுகிறவள் என்பார்கள். அந்தப் பழக்கம் என்னிடம் பிறந்தது ஒரு விஜயதசமியன்று காலை பத்தேகால் மணிக்கு, வேறொருவர் என் பழியைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளத் தயாராக நின்றபோதுதான் என்பது எனக்கும் அந்த டெக்னீஷியனுக்கும் நன்றாகத் தெரியும்.