கால் மரத்ததைச் சொல்லாத வருடங்கள்

டயாலிசிஸ் தொடங்கி ஐந்தாவது வருடம். ஆஸ்பத்திரிக்குப் போக திருநள்ளாற்றில் பஸ் ஏறியபோது ஒரு செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டேன். காரைக்காலில் இறங்கி நடந்தபோது, எதிரே வந்த பெண் “ஒத்தச் செருப்போட போறீங்களே” என்று சொல்லித்தான் தெரிந்தது.

நான் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சும்மா விடுவேனா? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாதத்தைச் சோதித்தேன். விளக்குமாற்றுக் குச்சியால் குத்தினேன், உறைக்கவில்லை. ஐஸ் கட்டி வைத்தேன், கணுக்காலுக்கு மேலேதான் ஜில்லென்றது. அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். மாதா மாதம் கோடு மேலே ஏறியது. பயமாகவும் இருந்தது, அடுத்த மாதம் எங்கே நிற்கும் என்று பார்க்க ஆசையாகவும் இருந்தது.

வெளியே மட்டும் மூச்சு விடவில்லை. ஐம்பதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, சுரக்குடியில் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு இப்படித்தான் கால் மரத்தது. தொழுநோய் என்று அவள் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தார்கள். பிறகு அவளையே தனியாக வைத்தார்கள். இவ்வளவு படித்தும் எனக்கும் அதுதானோ என்று நடுங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில், காரைக்கால் முஸ்லிம் அம்மா ஒருவருக்கு. டயாலிசிஸில் என்னைவிட மூத்தவர். மெஷினோடு கிடக்கும் நாலு மணி நேரமும் ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

“உங்களுக்கும் கால் மரத்துருக்கா?”

“மெதுவா பேசுங்க டீச்சர். ரெண்டு மூணு வருஷமா இப்படித்தான், வீட்டுல யாருக்கும் தெரியாது.”

எனக்குக் கோபம் வந்தது, அவர் மேலும் என் மேலும். டாக்டரைக் கூப்பிட்டு இரண்டு பேர் காலையும் காட்டி, தொழுநோயா என்று கேட்டேன். அவர் இசைக்கவையைத் தட்டி என் கட்டைவிரலில் வைத்தார். வகுப்பில் நான் எத்தனையோ தடவை தட்டிக் காட்டிய சாமான். சத்தம் காதுக்குக் கேட்டது, அதிர்வு விரலுக்குத் தெரியவில்லை. ஆச்சரியம் தாங்காமல் இன்னொரு தடவை தட்டச் சொன்னேன்.

“கிட்னி வெளியேத்தாத கழிவு நரம்பைக் கெடுக்குதும்மா. மெஷினும் முழுசா எடுக்காது. ரொம்ப வருஷம் டயாலிசிஸ்ல இருக்கறவங்க நிறைய பேருக்கு வரும். இது தொழுநோய் இல்ல, ஒட்டாது. தொழுநோய்க்கே இப்ப மருந்து இருக்கு.”

“அப்ப நான் சகன்ல உக்காரலாமா டாக்டர்?” என்றார் அந்த அம்மா. கல்யாண வீட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவதுதான் சகன்.

“உப்பைக் குறைக்கணும், கறியும் அளவாத்தான்...” என்று ஆரம்பித்தார் டாக்டர்.

“திங்கறதக் கேக்கலைங்க. கூட உக்காரலாமான்னு கேக்கறாங்க” என்றேன்.

“தாராளமா உக்காரலாம்.”

அந்த அம்மா முகத்தை என் பக்கம் திருப்பினார். “எம் மவ நிக்காஹ்ல, சகன்ல வந்து உக்காரும்மான்னு கையப் புடிச்சு இழுத்துச்சு டீச்சர். பத்தியம்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். புள்ளைக்கு ஒட்டிடுமோன்னு பயம்.”

“எப்ப நிக்காஹ்?”

“போன மாசந்தான்.”

அவர் காலைத் தேய்ப்பதை நான் வேடிக்கை பார்க்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது.