தோளுக்கு வைத்த பொட்டு

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் குங்குமத்தைக் குழைக்கும்போது எனக்கு ஸ்டோர் அண்ணனின் தோள்பட்டைதான் நினைவுக்கு வரும். கும்மிடிப்பூண்டியில் நான் வெல்டராக இருக்கும் கம்பெனியில் அவர் ஸ்டோர் பார்த்தார். லாரி விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். சக்கர நாற்காலியைக் கையால் தள்ளித்தான் நடமாட்டம். ஒரு பூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு அவர் நாற்காலிக்கும் வைக்கப் போனேன். தடுத்து, தோளைக் காட்டினார். "வண்டிக்கு இன்னாத்துக்குப்பா? இங்க வையி. ஓடறது இதுதான்." சிரித்துக்கொண்டே வைத்தேன்; அதிலிருந்து வருடாவருடம் அங்கேதான்.

ஸ்டோர் வாசலில் அவர் நாற்காலி ஏற ராம்ப், அதாவது இரும்புச் சாய்தளம், பற்றவைத்ததும் நான்தான். எனக்குப் பெரிய மேதாவி என்று நினைப்பு. நீளமாகப் போட்டால் லாரி திரும்ப இடம் போதாது என்று நானே முடிவு கட்டி, குட்டையாக, நெட்டுக்குத்தாகப் போட்டேன். ஏறப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏறினார், எல்லோரும் கைதட்டினோம். நாங்கள் செய்த பாவம் அந்தக் கைதட்டல். அதற்கப்புறம் யாராவது தள்ள வந்தால், "உடுப்பா, நானே ஏறிக்கினு போறேன்" என்பார்.

வருடங்கள் போகப்போக மேல்தட்டில் இருக்கும் போல்ட் டப்பாவுக்குக் கை எழவில்லை. கேட்டால், "வாயு புடிச்சிக்கினு கீது" என்று தைலத்தைத் தேய்ப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களோடு வெளியே வருவதை நிறுத்தினார். இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே; எனக்கு அது உறைக்கவில்லை. கடைசியில் தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது, ஓய்வு கொடுங்கள் என்றாராம் டாக்டர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும் அந்தத் தோளை ஊன்றித்தான். அதற்கு எங்கே ஓய்வு கொடுப்பது? வேலையை விட்டுவிட்டார்.

போன ஆயுத பூஜைக்குப் பொரியும் குங்குமமும் எடுத்துக்கொண்டு மீஞ்சூரில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார், அண்ணி தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், "ராம்பை நீட்டிப் போட்டுட்டேண்ணா" என்று உளறினேன்.

"லாரி திரும்ப எடம் பத்துதா?"

"பத்துதுண்ணா."

"அன்னிக்கே பத்தியிருக்கும்பா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

கிளம்ப எழுந்தபோது என் கையிலிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பார்த்து, "இந்த வருசம் வைக்கலயா?" என்றார். வைத்தேன். தோளில் விரல் பட்டதற்கே முகம் சுளித்தார்.